நீட் முடிவுக்கு மறுநாள் போடும் மேஜை

மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்காத பிள்ளைகளை, அழுது முடித்த முகத்தோடு முதலில் பார்க்கிறவர்கள் நாங்கள்தான். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே ஒரு தனியார் கல்லூரி வளாகம். கலை அறிவியல், பார்மசி, நர்ஸிங், பாராமெடிக்கல் எல்லாம் ஒரே கேட்டுக்குள். நான் அங்கே கெமிஸ்ட்ரி எடுக்கிறேன். நீட் முடிவு வந்த மறுநாள் வேப்பமரத்தடியில் ஒரு மேஜையைப் போட்டு, 'முதலாமாண்டு பாடத் தேர்வு உதவி' என்று பேனர் கட்டி, என்னை உட்கார வைத்துவிடுவார்கள். எந்தப் பிள்ளை எந்தப் படிப்பில் சேர்ந்து, முதல் வருடம் எந்த அறிவியல், எந்தக் கணக்கு எடுக்க வேண்டும் என்று நான் சொல்ல வேண்டும். பேங்க் கவுன்ட்டர், ரேஷன் கடை, ரயில்வே விசாரணை ஜன்னல் என்று எங்கேயாவது நாள் முழுக்க ஒரே கேள்விக்குப் பதில் சொல்லித் தொண்டை கட்டியவர்கள் இதைப் படித்தால், மேலே விளக்கம் தேவையில்லை. நீங்களும் நம்ம ஆள்தான்.

கணக்குக்குப் பயந்தவர்

கிளியனூர் பக்கத்திலிருந்து மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடும் ஒரு விவசாயி மகனோடு வந்தார். பையன் பத்தாவதில் கணக்கில் தட்டுத்தடுமாறிக் கரையேறியவன். அதனால் பிளஸ் டூவில் கணக்கே இல்லாத பயாலஜி குரூப். இப்போது பார்மசி வேண்டும் என்றார்கள். பிளஸ் டூவில் கணக்கு எடுக்காதவர்கள் பார்மசி முதல் வருடத்தில் அடிப்படைக் கணக்குப் பாடம் ஒன்றை எழுதியே ஆக வேண்டும். நான் அதைச் சொன்னதும் பையனுக்கு முகம் செத்துவிட்டது.

நர்ஸிங்? அங்கே புள்ளியியல் வரும், தவிர குழந்தையின் எடைக்கு எத்தனை மில்லி மருந்து என்று கணக்குப் போட வேண்டும். லேப்? கரைசல் கலக்கவே கணக்கு. பிசியோதெரபி? கோணம் அளக்க வேண்டும். நான் சொல்லச் சொல்ல அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் பையனை பார்மசியில்தான் சேர்த்தார். கையெழுத்துப் போடுவதற்கு முன் என்னைக் கேட்டார்: "ஏங்க மேடம், மருந்துக்குக்கூட கணக்கு இல்லாத படிப்பு ஒண்ணுமே இல்லீங்களா?"

பேருக்கு முன்னால்

விழுப்புரம் மார்க்கெட்டில் பாத்திரக்கடை வைத்திருப்பவர் ஒருவர். மகள் இரண்டு மதிப்பெண்ணில் அரசு சீட்டை விட்டுவிட்டாளாம். அவருக்குப் பாடம், பாடத்திட்டம் எதுவும் வேண்டாம். எது படித்தால் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக்கொள்ளலாம், அது மட்டும் தெரிய வேண்டும். மகள் பக்கத்தில் செல்போனைப் பார்த்தபடி நின்றாள். அவளிடம் என்ன பிடிக்கும் என்று கேட்டேன். "கெமிஸ்ட்ரி பிடிக்கும் மிஸ்" என்றாள். நான் இத்தனை வருடமாக இந்த மேஜையில் கேட்க ஆசைப்பட்ட பதில். பயோகெமிஸ்ட்ரியில் சேரட்டும், துணைப்பாடமாக விலங்கியல் எடுக்கட்டும், பிறகு மேலே ஆராய்ச்சி வரை போகலாம் என்று கொஞ்சம் உற்சாகமாகவே பேசிவிட்டேன்.

அவர் கவனம் அதில் இல்லை. என் முன்னால் இருந்த பெயர்ப்பலகையில் 'டாக்டர்' என்று இருப்பதைப் பார்த்துவிட்டார். உடனே நாற்காலியை இழுத்துப்போட்டு, படியேறினால் முட்டி பிடித்துக்கொள்கிறது, என்ன மாத்திரை போடலாம் என்று காலை நீட்டினார். இது ஆராய்ச்சிப் பட்டம் ஐயா, ஊசி போடுகிற டாக்டர் இல்லை என்றேன். காலை மெல்ல மடக்கிக்கொண்டார். என்னைப் பரிதாபமாகப் பார்த்துச் சொன்னார்: "அப்ப நீங்களும் சீட்டு கெடைக்காதவங்கதானா மேடம்."

நாலு மணி பஸ்

கெமிஸ்ட்ரி பட்டப்படிப்பில் சேர்கிறவர்கள் முதல் வருடத் துணைப்பாடமாகக் கணக்கையோ விலங்கியலையோ எடுக்கலாம். பின்னால் மருத்துவத்துறைப் பக்கம் போக நினைக்கிறவர்களுக்கு விலங்கியல்தான் சரி. இதை ஒரு பெண்ணுக்குப் படம் போட்டு விளக்கினேன். நன்றாகப் புரிந்துகொண்டாள், நடுவில் கேள்வியும் கேட்டாள். பிறகு, விலங்கியல் ஆய்வக வகுப்பு எத்தனை மணிக்கு முடியும் என்றாள். நாலரை என்றேன். பேனாவை எடுத்து 'கணக்கு' என்று எழுதினாள்.

நான் காரணம் கேட்டேன். கோபப்படவில்லை. கோபப்படும் தெம்பு பகல் பன்னிரண்டு மணிக்கே தீர்ந்துபோயிருந்தது. அவள் பொறுமையாகச் சொன்னாள்: "நாலு மணி பஸ்ஸை வுட்டா எங்க ஊருக்கு அடுத்த பஸ்ஸு இருட்டினப்புறம்தான் மிஸ், அப்புறம் படிப்பே வேணாம்னு நிறுத்திடுவாங்க."

அறுக்கிற படிப்பு

மேல்சித்தாமூரிலிருந்து வந்த ஜெயின் குடும்பம். அப்பா மெதுவாகப் பேசுகிற மனிதர், சொந்த நிலத்தில் பயிர் வைக்கிறார். மகள் ஸ்ரீமதிக்கு கணக்கோ கம்ப்யூட்டரோ போதும் என்பது அவர் முடிவு. பயாலஜி பக்கம் போனால் தவளை, எலி என்று அறுக்கச் சொல்வார்களாமே, எங்கள் வீட்டில் எறும்பைக்கூட மிதிக்க மாட்டோம் என்றார். இப்போதெல்லாம் எங்கள் ஆய்வகத்தில் விலங்குகளை அறுப்பதில்லை, கம்ப்யூட்டரிலும் மாதிரி பொம்மையிலும் காட்டுகிறோம் என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. அவரை ஆய்வகத்துக்குக் கூட்டிப்போனேன். பிளாஸ்டிக் இதயத்தைக் கையில் வாங்கி வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

மேஜைக்குத் திரும்பியதும், சரி, எந்தப் பாடம் வேண்டும் என்று மகளைக் கேட்டார். அவள் நர்ஸிங் என்றாள். அவர் மறுபடி பின்வாங்கினார். ஆஸ்பத்திரி என்றால் ஆபரேஷன், ரத்தம், கத்தி. அது அவர்கள் இருவருக்குள் நடக்க வேண்டிய பேச்சு. ஸ்ரீமதி இப்போது நர்ஸிங் இரண்டாம் வருடம் படிக்கிறாள். அன்று அப்பாவிடம் அவள் சொன்னது இவ்வளவுதான்: "அறுக்கறது டாக்டருப்பா, அறுபட்டவங்களுக்கு வலிக்காம பாத்துக்கறதுதான் நம்ம வேலை."

மரக்காணத்துப் பெண்

நிவேதா இரண்டு முறை நீட் எழுதியவள். அப்பா கடலுக்குப் போகிறவர். அம்மா மீன் விற்றுவிட்டு அந்தப் புடவையோடேயே பஸ் ஏறி வந்திருந்தார். "ரெண்டு வருஷமா ரூமுக்குள்ளயே படிச்சிக்கினு கெடக்குதுங்க. வெயிலே பாக்கல. இன்னா கேட்டாலும் பதில் இல்ல. எதுலயாவது சேத்துவுடுங்க" என்றார். நிவேதா மூன்றாவது முறை எழுதப்போவதாகச் சொன்னாள், என் முகத்தைப் பார்க்காமல்.

எழுது என்றோ வேண்டாம் என்றோ சொல்ல நான் யார். லேப் டெக்னாலஜியில் சேர்ந்துகொண்டே எழுதலாம் என்றேன். முதல் வருடப் பாடங்களைக் காட்டினேன். உடலமைப்பு, உடலியங்கியல், பயோகெமிஸ்ட்ரி. அவள் படித்துப் பார்த்துவிட்டு, "தோத்துப்போன பாடத்தையே மறுபடி படிக்கச் சொல்றீங்க" என்றாள். ஆமாம் என்றேன். அந்த 'ஆமாம்'தான் அவளை உட்கார வைத்தது என்று நினைக்கிறேன். சேர்ந்தாள்.

ஆகஸ்டில் வருவதை நிறுத்திவிட்டாள். கூடப் படித்தவள் ஒருத்திக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்து, வெள்ளைக் கோட்டோடு போட்டோ போட்டிருந்தாளாம். நான் போன் செய்தேன். அம்மா எடுத்து, "படுத்துக்கினே அழுதுக்கினு இருக்குதுங்க" என்றார். போனை அவளிடம் கொடுக்கச் சொன்னேன். சர்க்கரைக்கு ரத்தம் பரிசோதிக்கும் வகுப்பு திங்கட்கிழமை தொடங்குகிறது, நீ இல்லாவிட்டால் உன் மேஜை காலியாக இருக்கும் என்றேன். திங்கட்கிழமை வந்தாள். தன் இடத்தில் வந்து உட்கார்ந்து, அன்றைய பரிசோதனையைச் சரியாகச் செய்தாள்.

மூன்றாவது முறை எழுதினாளா என்றால், எழுதினாள். கிடைக்கவில்லை. இந்தத் தடவை மறுநாளே வகுப்புக்கு வந்துவிட்டாள், கண்கள் மட்டும் வீங்கியிருந்தன. இப்போது கடைசி வருடம், விழுப்புரத்தில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் பயிற்சி. போன மாதம் அவள் அம்மாவை திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன், காலிக் கூடையோடு நின்றார். மகளைப் பற்றி ஊரில் இன்னும் கேட்கிறார்களா என்றேன். "கேக்கறாங்க, உம்பொண்ணு டாக்டரு ஆவலியான்னு. நான் சொல்லிட்டேன் மிஸ், இன்னா நோவுன்னு எம்பொண்ணு சொன்னாத்தான் அந்த டாக்டருக்கே தெரியும்னு."

மொத்தத்தில், பதில் சொல்லியே தொண்டை கட்டிய சக பேஜார்காரர்களே, எங்கள் பிழைப்பு இவ்வளவுதான்: பிள்ளை தேறினால் அது அவன் ஆசைப்பட்டு எடுத்த படிப்பு, தேறாவிட்டால் வேப்பமரத்தடி மேடம் அவன் தலையில் கட்டின படிப்பு.