கோச் உட்கார்ந்த வாளி

பிள்ளைகளா, உங்கள் கால்பந்துக் குழுவின் மேனேஜர் வேறு குழுவுக்குப் போகிறார் என்றதும் அவர் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி மாட்டிவிட்டீர்கள். காலையில் அதைப் பார்த்தபோது எங்கள் தோட்டத்துத் திடல் ஞாபகம் வந்தது, புளித்த ரப்பர் பால் வாசனையோடு.

எங்கள் குழுவைக் கோப்பை வாங்க வைத்த கோச் ராமையா மாமா. கவிழ்த்த வாளியில் உட்கார்ந்துதான் ஆட்டம் பார்ப்பார். ரப்பர் மரங்களில் பால் வெட்டப் போகும் என் அம்மாவின் வாளி அது. பிறகு அவர் தஞ்சோங் கிளிங் ஊர்க் குழுவுக்குப் போய்விட்டார். அவர்களோடு எங்கள் திடலுக்கு வந்த அன்று, யாரும் அவரிடம் பேசக்கூடாது என்றார் அப்பா.

மாமா எதிர்ப்பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தார். அம்மா வாளியைத் தூக்கிக்கொண்டு திடலைச் சுற்றிப் போனார்.

“உக்காருங்கண்ணே. நீங்க நிக்கிறதப் பாத்தா எனக்குக் கால் வலிக்குதுலா.”

“உம்புருசன் கோவிச்சுக்கப் போறாரு, தங்கச்சி.”

“கோவிச்சுக்கட்டும். வாளி என்னுது. ஜெயிச்சாலும் கழுவிக் குடுத்துட்டுப் போங்க.”

அன்று நாங்கள் தோற்றோம். மாமா வாளியைக் கழுவி, எங்கள் வாசலில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போயிருந்தார். அப்பா அதில் போய் உட்கார்ந்தார்.

நீங்கள் பள்ளிக்குப் போன பிறகு, படத்தை நேராகத் திருப்பி மாட்டினேன். ஆணி ஆடியது. சுத்தியலால் ஒரு தட்டு தட்டி வைத்தேன்.