ஒரு காது வேலைக்கு

அந்தப் பெண்மணி இயர்போனை இடது காதில் மட்டும்தான் மாட்டுவார். மற்றொன்று கழுத்தோரம் தொங்கிக்கொண்டிருக்கும். கேட்டால், "ஒரு காது வேலைக்கு, ஒரு காது வம்புக்கு" என்பார். யார் செருப்பைத் தேய்த்துக்கொண்டு வருகிறார், யார் டிராயரைத் திறந்து ஓசைப்படாமல் பிஸ்கட் எடுக்கிறார், எல்லாம் அந்த வலது காதுக்குத் தெரியும். முதுகுக்குப் பின்னால் நின்று யாராவது திரையைப் படித்தால் அதுவும் தெரிந்துவிடும். "மூச்சு கழுத்துல படுது. படிக்கிறதுன்னா நாற்காலி போட்டு உக்காந்து படிங்க" என்று திரும்பாமலே சொல்வார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் பேசிப் பதிவு செய்வதைக் கேட்டுக் கடிதமாக அடித்துக் கொடுப்பது அவர் வேலை. காலடியில் ஒரு மிதிகட்டை இருக்கிறது. மிதித்தால் டாக்டர் பேசுவார், காலை எடுத்தால் வாயை மூடுவார். "எவ்வளவு பெரிய டாக்டரா இருந்தாலும் என் காலடியிலதான்" என்று சொல்லிச் சிரிப்பார்.

வயது நாற்பத்தெட்டு. பிறவியிலேயே பார்வை இல்லை. திரையில் இருப்பதைக் கம்ப்யூட்டரே அவருக்கு வாசித்துச் சொல்லும். அவர் அதை ஓட்டுகிற வேகத்தில் மற்றவர்களுக்குக் கடுகு பொரிவதுபோல்தான் கேட்கும். பக்கத்து மேஜைக்காரி ஒருமுறை வாங்கிக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, "என்னக்கா, உள்ள ஒருத்தன் சண்டை போடுறான்?" என்று கேட்டாள். பதினெட்டு வருடமாக ஒரே ஆண் குரல். அதற்கு அவர் வைத்த பெயர் மாமா. "இரு, மாமா என்னமோ சொல்றாரு" என்று பேச்சை நிறுத்துவார்.

இந்த வேலைக்கு வருவதற்கு முன் ஒன்பது வருடம் இதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் டெலிபோனில் இருந்தார். சன்னல் இல்லாத அறை. "எந்த டிபார்ட்மென்ட் வேணும்" என்ற ஒரு கேள்வியை ஒரு நாளைக்கு நானூறு தடவை கேட்க வேண்டும். "கண்ணு தெரியாதுன்னா உடனே டெலிபோன்ல உக்கார வெச்சிடுவாங்க. நமக்கு வாய் மட்டும்தான் இருக்குன்னு நெனப்பு." இரண்டு முறை பரீட்சை எழுதித்தான் மாடிக்கு வந்தார்.

இந்த வருடம் ஆஸ்பத்திரி எல்லா மேஜையிலும் கம்ப்யூட்டரை மாற்றியது. வேறு கம்பெனி, வேறு ஜாதி. மற்றவர்களுக்குப் படங்கள் இடம் மாறின, அவ்வளவுதான். நாலு நாள் முணுமுணுத்துவிட்டுப் பழகிக்கொண்டார்கள். இவருக்கு விரல்கள் எல்லாமே மாறின. இத்தனை வருடம் சுண்டுவிரல் பார்த்த வேலையை இனிக் கட்டைவிரல் பார்க்க வேண்டும். "இருந்த உத்தியோகத்தைப் புடுங்கி இன்னொருத்தனுக்குக் குடுத்தா சும்மா இருப்பானா? ரெண்டு விரலும் முட்டிக்குதுங்க."

மாமாவும் போய்விட்டார். புதிதாக வந்தது ஒரு பெண் குரல், இழுத்து இழுத்துப் பேசுவது. அதற்கு மேனாமினுக்கி என்று பெயர் வைத்தார். பழைய கம்ப்யூட்டரில் திரை ஒரு நீளக் கூடம். ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடந்துவிடலாம். புதியதில் எல்லாம் அறை அறையாக இருந்தது. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் விசையை அழுத்தி நுழைந்து, வேலை முடிந்ததும் விசையை அழுத்தி வெளியே வர வேண்டும். "வெளிய வர மறந்துட்டா அங்கயே சுத்திக்கிட்டிருக்க வேண்டியதுதான். அதையும் இவ வாய் ஓயாம சொல்லுவா." அதனால் ஒரு பழக்கம் பிடித்துக்கொண்டார். குரல் பேச ஆரம்பித்ததும் இடது மூலை விசையைத் தட்டிப் பாதியில் அடக்கிவிடுவார்.

மேற்பார்வையாளர் ஆறு வாரம் கெடு கொடுத்தார். கடைசி வியாழக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் பதினைந்து கடிதம். முடியாவிட்டால் கீழே டெலிபோனில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. "உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். எதுக்கு இந்த வயசுல சிரமம்?" என்றார் அந்த அம்மாள்.

வீட்டில் சாப்பிடும்போதும் இடது கை மேஜை விளிம்பைத் தட்டிக்கொண்டிருந்தது. கணவர் குழாய் பழுது பார்ப்பவர். "முதல்ல தட்டுல இருக்கிறதைத் தின்னு, கச்சேரி அப்புறம் வெச்சுக்கலாம்" என்பார். கொஞ்ச நேரம் கழித்து அவரே, "எங்க, அந்த அறையை விட்டு வெளிய வர்றதுக்கு எந்த விரல்?" என்று கேட்பார். இவர் விரலைக் காட்டுவார்.

அந்த வியாழக்கிழமை எட்டு மணிக்கே உட்கார்ந்துவிட்டார். இரண்டாவது கடிதத்தில் விரல்கள் எங்கோ தவறிப் பட்டன. மேனாமினுக்கி "திரை" என்று ஆரம்பித்தாள். வழக்கம்போல் தட்டி அடக்கிவிட்டு மிதிகட்டையை மிதித்தார்.

பதினொன்றாவது கடிதம் முடிந்தபோது சாவிக்கொத்துச் சத்தம் கேட்டது. கம்ப்யூட்டர்களைப் பராமரிப்பவர். ஐம்பது வயது இருக்கும். இடுப்பில் தொங்கும் சாவிகள்தான் இவருக்கு அவருடைய முகம்.

"ஏம்மா, மெஷின் செத்துக் கெடக்கு. நீ எதுல தட்டிக்கிட்டிருக்கே?"

"சாகலியேண்ணே. அவ பேசிக்கிட்டுத்தானே இருக்கா?"

"எவ?"

மேற்பார்வையாளரும் வந்துவிட்டார். "திரையில ஒண்ணுமே இல்லையே! காலையிலேருந்து இருட்டுலயா அடிச்சீங்க?"

"நான் என்னிக்கு மேடம் வெளிச்சத்துல அடிச்சிருக்கேன்?"

யாரோ சிரித்தார்கள். ஆனால் அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. திரையில் இல்லாததையா இவள் இவ்வளவு நேரம் வாசித்துக் காட்டினாள்? பதினொன்றும் எங்கே போயின? அதற்குள் சாவிச் சத்தம் மேஜைக்குக் கீழே இறங்கியது. "ஒருதரம் அணைச்சுப் போட்டா சரியாயிடும்." இவர் சட்டென்று குனிந்து அந்த ஆளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அணைச்சீங்கன்னா மறுபடி இவளைப் பேச வைக்கிறதுக்கே எனக்கு அரை மணி நேரம் ஆகும். கையை எடுங்கண்ணே."

மணிக்கட்டை விடாமல், மறு கையால் அச்சுக்கு அனுப்பும் விசைகளை அழுத்தினார். ஒரு நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மூலையில் பிரிண்டர் செருமியது. அவர் வலது காதைக் கொடுத்து எண்ணினார். பதினொன்று. அப்புறம்தான் பிடியை விட்டார்.

மேற்பார்வையாளர் காகிதங்களைப் புரட்டிப் படித்தார். நோயாளியின் பெயர், மருந்து, அளவு எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. "இன்னும் நாலு இருக்கு மேடம், மணியாகுது" என்று இவர் காலை மிதிகட்டையில் வைத்தார். பதினைந்தாவது முடிந்தபோது பன்னிரண்டுக்கு ஆறு நிமிடம் இருந்தது.

"சரி. டெலிபோனுக்கு வேற ஆள் கேட்டு எழுதறேன்" என்றார் மேற்பார்வையாளர்.

கம்ப்யூட்டர்க்காரர் எதையோ புரட்டிப் பார்த்துத் திரையைத் திரும்ப வரவழைத்தார். "இது கோளாறே இல்லைம்மா. திரையை மறைச்சு வெச்சுக்கற வசதி. பார்வை இல்லாதவங்க அடிக்கிறதை மத்தவங்க படிச்சிடக் கூடாதுன்னே வெச்சிருக்கான். மூணு விசையைச் சேர்த்து அழுத்தியிருக்கே."

"எந்த மூணுண்ணே?"

அவர் இவருடைய விரல்களைப் பிடித்து ஒவ்வொன்றாக வைத்துக் காட்டினார். சாவிக்கொத்துச் சத்தம் கதவைத் தாண்டிப் போய்த் தேய்ந்தது. இவர் பதினாறாவது கடிதத்தைத் திறந்து இரண்டு வரி அடித்திருப்பார். கழுத்தில் மூச்சு பட்டது. மேற்பார்வையாளர் இன்னும் போகவில்லை.

இவர் மூன்று விசைகளைத் தேடி அழுத்தினார். மேனாமினுக்கி மறுபடி "திரை" என்று பேச ஆரம்பித்தாள். இந்த முறை அடக்காமல், அவள் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு மிதிகட்டையை மிதித்தார்.