கடைவாய்ப் பல்லும் நெஞ்சும்

என் வீட்டுக்காரருக்குச் சின்ன வயதில் மூட்டு வீங்கி வாதக்காய்ச்சல் வந்தது. அதில் நெஞ்சு வால்வு ஒன்று பழுதாகிவிட்டது. மாதாமாதம் ஊசி போட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள்.

கல்யாணம் முடித்த புதிதில் போட்டார். குச்சவெளியில் மீன்பிடிப் போட்டு வைத்திருந்த ஒரு சம்மாட்டியிடம் வேலைக்குச் சேர்ந்த பிறகு விட்டுவிட்டார். கிளினிக் நாளும் கடல் நாள்தான். அதோடு, நெஞ்சு வருத்தக்காரரை அந்தச் சம்மாட்டி கடலுக்கு ஏற்றமாட்டார். முன்பு ஒருவர் நடுக்கடலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழ, மற்றவர்கள் வலையை அறுத்துவிட்டுக் கரைக்கு ஓடிவந்தார்கள். அதனால் நாங்கள் சொல்லவில்லை. இரண்டு பேரும் பேசி எடுத்த முடிவு.

வலை பின்னும் தங்கூசி நூலைப் பல்லால் கடித்துத்தான் அறுப்பார். கத்தி பக்கத்தில் கிடக்கும். இரண்டு கையிலும் நூல், வாய் சும்மாதானே இருக்கிறது என்பார். அப்படிக் கடித்து ஒரு கடைவாய்ப் பல் உடைந்தது. பிறகு சூத்தையானது. பல்லைச் சுற்றி முரசு வீங்கிச் சீழ் வைத்தது. கராம்பை நசுக்கி வைத்தார். புகையிலைத் துண்டை அதற்குள் அடக்கிக்கொண்டு கடலுக்குப் போனார். நோவு குறைந்தது. பல்லுத்தானே என்று இருந்தோம்.

பிறகு காய்ச்சல். பின்னேரம் வரும், வேர்த்து விடும், காலையில் எழும்பிக் கடலுக்குப் போவார். டெங்கு என்று இரத்தம் சோதித்தோம். டெங்கு இல்லை. விழுங்கக் குளிசை தந்தார்கள். விட்டு விட்டுக் காய்ந்தது. ஆள் மெலிந்து போனார். போட்டு எஞ்சினுக்கான எண்ணெய்க் கானைத் தூக்கினால் நின்று மூச்சு வாங்குவார்.

ஒரு நாள் போட்டைத் தள்ளும்போது மணலில் அப்படியே குந்திவிட்டார். எழும்ப ஏலவில்லை. சம்மாட்டியே தன் வான் வண்டியில் ஏற்றித் திருகோணமலைக்குக் கொண்டுபோனார். வழி முழுக்க இவர் என் கையைப் பிடித்து இறுக்கிக்கொண்டே வந்தார். ஏன் என்று எனக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டொக்டர். சம்மாட்டி கட்டிலின் தலைமாட்டில் நின்றார். வெளியே நிற்கச் சொல்லியும் போகவில்லை. என் ஆள், நான் நிற்பேன் என்றார்.

டொக்டர் இவருடைய கையைப் புரட்டிப் பார்த்தார். நகத்துக்குள் சிவப்புக் கீறல்கள். இது என்ன என்று கேட்டார்.

“மீன்முள்ளுக் குத்தினது டொக்டர். எங்கட கையெல்லாம் இப்பிடித்தான்,” என்றார் இவர்.

சம்மாட்டியும் தன் கையை நீட்டிக் காட்டினார். டொக்டர் போர்வையை விலக்கிக் கால் விரல்களைப் பார்த்தார். அங்கேயும் அதே கீறல்.

“கால் நகத்துக்குள்ளயும் மீன் வந்து குத்தினதோ?”

டொக்டர் வாயைத் திறக்கச் சொல்லி டோர்ச் அடித்துப் பார்த்தார். பிறகு குழாயை நெஞ்சில் வைத்து வெகுநேரம் கேட்டார். முன்பு நெஞ்சு வருத்தம் இருந்ததா என்றார். இல்லை என்றார் இவர். சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததா என்றார். அதற்கும் இல்லை.

டொக்டர் என்னைப் பார்த்தார். இவரும் பார்த்தார். வீட்டில் இரண்டு பிள்ளைகள். போட்டை விட்டால் வேறு வருமானம் இல்லை. இவருடைய மூச்சு எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

“ஓம், இருந்தது,” என்றேன். “வால்வு பழுது. மாச ஊசி போட்டவர். போட்டில சேந்தாப் பிறகு விட்டிட்டார்.”

இவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். சம்மாட்டி வெளியே போனார்.

அவசரமாக இரத்தம் எடுத்தார்கள், இரண்டு கையிலும். நெஞ்சை ஸ்கேன் செய்தார்கள். பிறகு டொக்டர் எனக்கு விளங்கச் சொன்னார். எல்லார் வாயிலும் கிருமி இருக்கிறதாம். பல்லும் முரசும் பழுதானால் மெல்லும்போதே அது இரத்தத்தில் இறங்குமாம். நல்ல நெஞ்சில் பெரும்பாலும் தங்காது. பழுதான வால்வில் ஒட்டி வளர்ந்து, அதைத் தின்னும். அதில் உடைகிற துணுக்குகள்தான் நகத்துக்குள் அந்தச் சிவப்புக் கீறலாகுமாம்.

“நீங்கள் சொன்னது நல்லது. ஆனா தப்புவார் எண்டு இப்ப சொல்ல ஏலாது.”

வாரக்கணக்கில் நரம்பில் மருந்து ஏறியது. பழுதான பற்களைப் பிடுங்கினார்கள். வால்வில் வளர்ந்தது உடைந்து மூளைக்குப் போகலாம், பேச்சுக் குழறினால் உடனே சொல்லுங்கள் என்றிருந்தார்கள். இவரோ என்னுடன் பேசுவதில்லை. கோபமா, பேச்சே போய்விட்டதா என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு நாளும் தாதியைக் கூப்பிட்டு, இவருடைய பெயரைக் கேட்கச் சொல்வேன். தாதிக்குச் சொல்வார். அதற்குப் பிறகுதான் நான் தேத்தண்ணி குடிப்பேன்.

காய்ச்சல் விட்டது. வால்வு நிற்கிறது, பலமில்லை. வீட்டுக்கு வந்தோம். அங்கேயும் என்னோடு பேச்சில்லை.

ஒரு நாள் சம்மாட்டி மீனோடு வந்தார். கரையில் வலை வேலை இருக்கிறது, உடம்பு தேறினால் வாரும் என்றார்.

“கடலுக்கு ஏத்துவீங்களோ?” என்று இவர் கேட்டார்.

“ஏலாது.”

இவர் எழும்பி வீட்டுக்குப் பின்னால் போய்விட்டார். நான் மீனை வாங்கிக் கறி வைத்தேன். முள் எடுத்து, சோற்றைக் குழைத்துக் கொடுத்தேன். சாப்பிட்டார். பிறகு வெறும் சோற்றுக் கோப்பையை என்னிடம் நீட்டினார். இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன்.