கதிர் வரும்வரை இருட்டு

எங்கள் வீதிக்கு விளக்கு வந்த அன்று பெரியப்பா கம்பத்துக்குச் சந்தனம் பூசித் தேங்காய் உடைத்தார். ஒட்டுசுட்டானிலிருந்து உள்ளே போகிற அந்த வீதியில் பொழுதுபட்டால் யானை நிற்பது கிட்டப் போகும்வரை தெரியாது. ரியூசன் முடிந்து ஏழு மணி பஸ்ஸில் வரும் அவருடைய மகளுக்காக, அதாவது எனக்கு அக்கா முறையானவளுக்காக, அவரும் அப்பாவும் பிரதேச சபைக்கு நடையாய் நடந்து வாங்கிய விளக்கு அது. கம்பம் பஸ் நிற்கும் இடத்தில், எங்கள் வயல் வரம்போரமாக இருந்தது.

மாரிமழையோடு விதைக்கும் அந்தக் காலபோகத்தில் அப்பா பெரியப்பாவிடம் விதைநெல் வாங்கி மொட்டைக்கறுப்பன் என்ற நாட்டு நெல்லை விதைத்தார். மார்கழியில் எல்லா வயலிலும் கதிர் வந்தது. எங்கள் வீதியோரத் துண்டு மட்டும் பச்சைப் பசேலென்று சும்மா நின்றது. எங்கள் நெல்தான் வடிவு என்று நான் பள்ளிக்கூடத்தில் பெருமையடித்துத் திரிந்தேன். அப்பாவோ சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பிப் போனார்.

ஒரு பின்னேரம் அப்பா பெரியப்பா வீட்டு முற்றத்தில் போய் நின்றார். நானும் பின்னால் நின்றேன்.

“அண்ணை, கலப்பு விதையைத் தந்து என்ரை வயலைப் பாழாக்கிப்போட்டியள்.”

“நான் விதைச்சதும் அதுதான் தம்பி. குளத்தடியிலை என்ரை வயலைப் போய்ப் பார், கதிர் வந்திட்டுது.”

“அப்ப நல்லதை நீங்கள் வைச்சிருக்கிறியள்.”

பெரியப்பா திரும்பி உள்ளே போய்விட்டார். அன்றோடு இரண்டு வீட்டுக்கும் கதை பேச்சு இல்லை. நான் அக்காவோடு கதைக்கலாமா, கூடாதா என்று அம்மாவிடம் கேட்டேன். அவாவுக்கும் தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று அக்காவைக் கண்டால் சிரித்து மட்டும் வைத்தேன்.

பிறகு விவசாயப் போதனாசிரியை ஸ்கூட்டரில் வந்து பார்த்தார்.

“கம்பத்தைச் சுத்தித்தானே ஐயா பச்சையாக் கிடக்குது? இரவு நீண்டால்தான் இந்த நெல்லு கதிர் விடும். லைற் விடிய விடிய எரியிறதாலை அதுக்கு இரவே வரேல்லை.”

அப்பா கம்பத்தை அண்ணாந்து பார்த்தபடி நின்றார். தேங்காய் உடைத்து வரவேற்ற விளக்கு நெல்லுக்கு என்ன கெடுதல் செய்யும்? குற்றம் பெரியப்பாவில் இல்லையென்றால் அப்பா ஏன் இன்னமும் அவரோடு கதைக்கவில்லை?

விளக்கை அணைக்கச் சொல்லி அப்பா சபைக்குப் போனார். அணைக்க வேண்டாம் என்று பெரியப்பாவும் போனார். முன்பு சேர்ந்து வந்து விளக்குக் கேட்ட இருவரையும் பார்த்து அங்கிருந்தவர்களும் என்னைப்போல் குழம்பியிருப்பார்கள். வெளிச்சம் வீதியில் மட்டும் விழச் செய்யும் தகடு வர நாளாகும் என்பதால், கதிர் வரும்வரை அணைத்து வைப்பது, பிறகு தகட்டைப் பூட்டி எரிப்பது என்று முடிவானது.

விளக்கு அணைந்த முதல்நாளே அப்பா ரோச் லைற்றை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டார்.

“எங்கை போறியள்?” என்றார் அம்மா.

“பஸ்ஸடிக்கு. பிள்ளை இருட்டுக்குள்ளை வரப்போறாள்.”

கோபம் பெரியப்பாவோடு, கூட்டி வரப் போவது அவருடைய மகளை. பெரியப்பாவும் தன் ரோச்சோடு அங்கே நின்றாராம். முன்னுக்கு ஒருவர், பின்னுக்கு ஒருவர், நடுவில் தான், ஒருவரும் வாயே திறக்கவில்லை என்று அக்கா எனக்குச் சொன்னாள். ஒவ்வொரு நாளும் அப்படித்தான் வந்தார்கள்.

தை முடியும்போது கதிர் வந்தது. தகடு பூட்டிய விளக்கு வீதியில் எரிந்தது, வயல் இருட்டாகக் கிடந்தது. அன்றும் அப்பா ரோச்சைத் தேடினார்.

“லைற் எரியுதே அப்பா?”

“ஓம், எரியுது” என்றுவிட்டு நடந்தார். நானும் கூடப் போனேன்.

பெரியப்பா ஏற்கெனவே வந்து நின்றார். வெளிச்சத்துக்குக் கீழே ஆளுக்கொரு ரோச்சோடு நின்றவர்கள் முதலில் செருமினார்கள். பிறகு யானையைப் பற்றி ஒரு சொல், உர விலையைப் பற்றி ஒரு சொல் என்று தொடங்கிக் கதை நீண்டுகொண்டே போனது. பஸ் வந்தது. அக்கா இறங்கினாள், இருவரையும் பார்த்தாள், என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் தன்பாட்டில் நடந்து போனாள்.

“அப்பா, அக்கா போறா” என்று நான் அவருடைய இடுப்புச் சாரத்தைப் பிடித்து இழுத்தேன். அப்பா திரும்பவேயில்லை. கூட்டிப்போக வந்தவளைத் தனியே விட்டுவிட்டு இரண்டு பேரும் இன்னும் எதற்காக அங்கே நிற்கிறார்கள் என்று எனக்கு விளங்கவேயில்லை.