இரண்டு பேர் பெயரில் ஒரு வீடு

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டே இருபத்தாறு வருஷத்தை ஓட்டியவள் அவள். கல்யாணம் கூடிவரவில்லை. யாராவது அதைக் கிளறினால், "எனக்குத்தான் ஒரு பிள்ளை இருக்கானே" என்று தம்பியைச் சொல்லிச் சிரித்துவிடுவாள். பிள்ளைக்கு வயது ஐம்பத்து மூன்று.

தெருவில் அவனுக்கு 'ஸ்டோர்' என்று பெயர். ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்கீப்பராக இருந்தவன். சரக்கு குறைகிறது என்று பழியை அவன் தலையில் கட்டி வெளியே அனுப்பினார்கள். எடுத்தது வேறு ஆள் என்று பிற்பாடு தெரிந்தும் யாரும் அவனைத் திரும்பக் கூப்பிடவில்லை. அதற்கப்புறம் அவன் எதையும் தூக்கிப்போட விடவில்லை. கம்பி போன குடை, தீர்ந்த பேட்டரி, ஃபியூஸ் போன பல்பு, அட்டைப்பெட்டி. வீட்டில் இருந்தது போதாதென்று தெருவில் கிடந்ததும் உள்ளே வந்தது. அப்பா இருவர் பெயரிலும் எழுதிவைத்த வீடு அது. அக்கா வேலைக்குப் பக்கத்தில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்ததால் அவன் ராஜ்யம்தான். ஒன்பது வருஷத்தில் ஜன்னலோரம் ஒரு ஆள் ஒருக்களித்துப் படுக்கிற இடம்தான் மிஞ்சியது.

ஞாயிறுதோறும் அவள் சாப்பாடு கொண்டுபோவாள். கதவு கால்வாசிக்கு மேல் திறக்காது.

"கொஞ்சத்தையாவது வெளிய போடட்டுமாடா?"

"வேணும்னு ஒரு நாள் கேப்பாங்க. அப்ப நான் எங்க போவேன்க்கா?"

"யாருடா கேப்பாங்க?"

அவன் சாப்பாட்டுத் தூக்கை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடுவான்.

ஒரு ஞாயிறு அவன் கால் கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது. அவிழ்த்துப் பார்த்தாள். எலி கடித்த புண். சீழ் கோத்து, பாதம்வரை வீங்கியிருந்தது. டாக்டரிடம் வா என்று கெஞ்சினாள், திட்டினாள், அழுதும் பார்த்தாள். "நான் வெளிய போனா உள்ள புகுந்துடுவாங்க" என்று அவன் அசையவில்லை.

மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு நகராட்சியின் சுகாதாரப் பிரிவுக்குப் போனாள். கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றியிருந்த குமாஸ்தா புகாரை எழுதிக்கொண்டார்.

"நீங்க யாரும்மா?"

"பக்கத்து வீடு" என்றாள். வாயில் தானாக வந்துவிட்டது.

"உங்க பேர் வெளிய வராது. முப்பது நாள் டைம் குடுப்போம். அவங்களா செய்யலைன்னா நாங்களே ஆள் வச்சு சுத்தம் பண்ணிடுவோம்."

நாங்களே பண்ணிடுவோம். அந்த வார்த்தை அவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது. செலவு யாருடையது என்று கேட்கத் தோன்றவில்லை.

கதவில் ஒட்டிய நோட்டீஸை அவன் கிழித்து, கிழித்ததையும் மடித்து வைத்துக்கொண்டான். முப்பத்தோராம் நாள் லாரி வந்தது. மூன்று நாளில் பதினோரு லோடு. எதிர்ப்புற நடைபாதையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அவனை உட்கார வைத்து, தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெளியே வரும் ஒவ்வொன்றையும் அவன் சத்தம் போட்டுச் சொன்னான். "பல்பு நாப்பத்திரண்டு. குடை பதினேழு. பதினெட்டு... அது எண்ணாம போகுது, நிறுத்துங்க!" முகமூடி போட்ட ஆட்கள் நிறுத்தவில்லை. இரண்டாம் நாள் மாலைக்குள் அவன் குரல் கம்மிப்போயிற்று.

காவல் காக்க ஒன்றும் இல்லாமல் போனதும் அவன் அவளோடு ஆஸ்பத்திரிக்கு வந்தான். கால் பிழைத்தது. இன்னும் பத்து நாள் போயிருந்தால் விரலை எடுத்திருப்போம் என்றார் டாக்டர். அவள் செய்தது சரிதான் என்று நிம்மதியாக இருந்தது ஆறு வாரம்தான். அப்புறம் பில் வந்தது. ஆள் கூலி, லாரி, மருந்தடிப்பு, அதற்கு மேல் மேற்பார்வைச் செலவு. அவளுடைய பதினான்கு மாதச் சம்பளம்.

பில்லும் கையுமாகப் போய் நின்றவளை அதே குமாஸ்தா கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "நீங்க பக்கத்து வீடுன்னு சொன்னீங்களே?"

அவள் தலை குனிந்தாள்.

"நாங்க போட்ட காசை யார்கிட்டம்மா வாங்குறது? வீடு யார் பேர்ல இருக்கோ அவங்ககிட்டதான். கட்டலைன்னா சொத்துவரியோட சேர்ந்துடும், வட்டி ஓடும். அப்புறம் ஏலம்."

தவணை வாங்கிக் கட்டினாள். ஒன்பது தவணை. அந்தச் சமயத்தில் சலவைக்கூடத்தைக் கான்ட்ராக்டுக்கு விட்டு, அவளையும் சேர்த்து வயதானவர்களைக் கழித்துக் கட்டினார்கள். மூன்று தவணை தவறியதும் ஏல நோட்டீஸ் வந்தது. ஏலத்தில் போனால் அடிமாட்டு விலை. அதற்கு முன்னால் நாமே விற்றுவிடலாம் என்று அலைந்ததில், ஓரளவு விலை சொன்னது பக்கத்து வீட்டு டிரைவர் ஒருவர்தான்.

தம்பி பத்திரத்தைத் தொடவே மாட்டேன் என்றான்.

"புகார் குடுத்ததே அந்த ஆளுதான். வீட்டைக் காலி பண்ண வச்சு, இப்ப வீட்டையே அடிக்கப் பாக்குறான். ஏலத்துல போகட்டும். அவனுக்கு மட்டும் கிடையாது."

ஏலத்துக்கு நாலு நாள்தான் பாக்கி. டிரைவர் நல்ல மனுஷன், காலில் புண் வந்தபோது தண்ணீர் பிடித்துக் கொடுத்தவர் என்று சொல்லிப் பார்த்தாள். அவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான். காலியான கூடத்தில் அவள் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது.

"அவர் இல்லடா. நான்தான் குடுத்தேன்."

அவன் திரும்பினான்.

"நாற்காலி போட்டு உக்கார வச்சியே" என்றான். "பக்கத்துலயே நின்னியே."

"உன் கால் போயிருக்கும்டா..."

பேனாவை எடுத்து, அவள் காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டான்.

நகராட்சிப் பாக்கி போக மிஞ்சியதை இரண்டாகப் பிரித்துக்கொண்டார்கள். அவன் ஊரின் மறு கோடியில் ஒரு விடுதியில் அறை எடுத்துக்கொண்டான். அவள் ஒரு தனியார் சலவைக்கடையில் பாதிச் சம்பளத்துக்குச் சேர்ந்தாள். மூன்று ஞாயிறு விடுதிக்குப் போனாள். அவன் கீழே இறங்கி வரவில்லை. நாலாவது தடவை மேனேஜர் சங்கடத்தோடு கையைப் பிசைந்தார்.

"தனக்கு அக்கான்னு யாரும் இல்லைன்னு சொல்றாரும்மா."

"வேளைக்குச் சாப்பிடுறானா?"

"சாப்பிடுறார்."

"ரூம்ல சாமான் எதாவது சேத்து வச்சிருக்கானா?"

"ஒண்ணும் இல்லம்மா. கட்டுன துணியும் ஒரு தட்டும்தான். சோப்புகூட வாங்கி வச்சுக்க மாட்டேங்குறார்."

அவள் மாடி ஜன்னல்களை அண்ணாந்து பார்த்தாள். எது அவனுடையது என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.