மூன்று கால்சியம் பாட்டிலும் ஒரு ஜெபப் பெட்டியும்

என் பெயர் ஸ்டெல்லா. டெல்லி புசா ரோடு பக்கம் ஒரு தமிழ்ப் பள்ளியில் டீச்சர். கர்த்தர் என் விரல்களைத் திருப்பித் தந்த கதையை உங்களுக்குச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

நூற்றுப் பதினெட்டு கிலோ இருந்தேன். மூட்டுவலி, சர்க்கரை எல்லாம் சேர்ந்துகொள்ள, உடல் எடையைக் குறைக்க இரைப்பையில் ஆபரேஷன் செய்துகொண்டேன். நாலு மாதத்தில் முப்பது கிலோ போயிற்று. சரோஜினி நகரில் ரெடிமேட் சுடிதார் எனக்கும் கிடைத்தது. கால் தரையில் நிற்கவில்லை.

அப்போதுதான் உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வதுபோல இருந்தது. ஒரு நாள் ஏழாம் வகுப்பில் போர்டில் எழுதும்போது விரல்கள் தானாக மடங்கிக்கொண்டன. சாக்பீஸ் கீழே விழுந்தது. எழுத முடியாத டீச்சரை எந்தப் பள்ளி வைத்துக்கொள்ளும்? ஆபரேஷனுக்கு முன் சபையில் ஒருவர், "கர்த்தர் தந்த சரீரத்த வெட்டலாமா?" என்று கேட்டிருந்தார். இது தண்டனைதானோ என்று பயந்து அழுதேன்.

கால்சியம் போதவில்லை என்று மட்டும் ஊகித்தேன். ஆலோசனைக்குப் பஞ்சமா? மருந்துக்கடை பையா (டெல்லியில் அண்ணனை இப்படித்தான் கூப்பிடுவோம்) ஒரு பாட்டில் கொடுத்தார். பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஒன்று. எங்கள் ஜெபக்குழு டோர்காஸ் அக்கா, துபாயிலிருந்து மகன் அனுப்பிய மிட்டாய் மாதிரி ஒன்று. மூன்றையும் மேசையில் வைத்து, "ஆண்டவரே, எது என்று காட்டும்" என்று தினமும் ஜெபித்தேன். பதில் வரும்வரை பையா கொடுத்ததையே, மறந்துவிடக் கூடாதென்று, இரும்புச்சத்து மாத்திரையோடு காலையில் ஒரே மடக்கில் விழுங்கினேன். பரீட்சை நேரம் என்று மருத்துவமனைக்கும் போகவில்லை. என் புத்தி அப்படி.

எங்கள் குழு முனிர்காவில் ஒரு வீட்டில் கூடும். அங்கே ஒரு ஜெபப் பெட்டி உண்டு. விண்ணப்பங்களை எழுதிப் போடுவோம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் உபவாச ஜெபத்தன்றுதான் திறப்போம். அதுவரை பெட்டியின்மேல் கைவைத்து ஜெபிப்பதோடு சரி.

அந்த முறை பெட்டியைத் திறந்து டோர்காஸ் அக்கா ஒவ்வொன்றாக வாசித்தார். நடுவில் நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"ஏ ஸ்டெல்லா, இது என்ன பிள்ள, ஆஸ்பத்திரிச் சீட்டுல்லா போட்டிருக்க?"

அப்போதுதான் நினைவு வந்தது. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த வாரம், சுகம் நிலைக்க வேண்டுமென்று மருத்துவமனை தந்த காகிதத்தையே மடித்துப் போட்டிருந்தேன். அதைப் படிக்கவே இல்லை.

"வாசிங்கக்கா" என்றேன்.

"கால்சியம் சிட்ரேட் வகை. ஒரே நேரத்துல வேண்டாம், பிரிச்சுப் பிரிச்சுச் சாப்பிடணும். இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதுக்கும் ரெண்டு மணி நேரமாவது இடைவெளி. கூடவே வைட்டமின் டி. வாயச் சுத்தி மதமதப்பு வந்தா உடனே வரணும்."

அக்காதான் முதலில் சிரித்தார். "பதிலையே பெட்டிக்குள்ள போட்டுட்டு நம்ம எல்லாரையும் ஜெபிக்க வச்சிருக்கா பாரு. உபவாசம் கிடக்கட்டும், இப்பமே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு."

அன்றே போனேன். ரத்தத்தில் கால்சியம் குறைந்திருந்தது. பையா தந்தது கார்பனேட் வகை. அது கரைய வயிற்றில் அமிலம் வேண்டும், என் வயிற்றில் இப்போது அது குறைவு என்று டாக்டர் விளக்கினார். சிட்ரேட்டும் அளவும் எழுதிக் கொடுத்தார். சில வாரங்களில் எறும்பு ஓடிவிட்டது.

இது தண்டனை அல்ல, என் சோம்பல். அதையும் அவர் தள்ளிவிடாமல், நான் ஜெபித்த பெட்டியிலேயே பதிலைத் திறந்து காட்டினார். எத்தனை நல்லவர்! இப்போது மாத்திரைக்கு மணி பார்க்கிறேன், பரிசோதனைக்குத் தவறாமல் போகிறேன், ஜெபத்தையும் விடவில்லை.

நீங்களும் அவரை நம்பிக் கேளுங்கள். அவர் ஏற்கெனவே உங்கள் கையில் கொடுத்திருக்கும் காகிதத்தையும் பிரித்துப் படியுங்கள். இந்தச் சாட்சியை நான் யாரிடமும் சொல்லி எழுதவைக்கவில்லை. ஆறு பக்கமும் என் கையாலேயே எழுதினேன், பேனா ஒருமுறைகூடக் கீழே விழவில்லை.