பொறுங்கம்மா போட்ட தரை

தரை போட வந்த அந்த அம்மா பாட்டில் மூடியில் தண்ணீர் எடுத்து, கார் ஷெட்டின் சிமென்ட் தரையில் ஒரே ஒரு சொட்டு விடுவார். பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அடுப்பில் பாலை வைத்தவர் மாதிரி கண்ணெடுக்காமல் அதையே பார்ப்பார். சொட்டு தரைக்குள் இறங்கிவிட்டால் ஓரடி நகர்ந்து அடுத்த சொட்டு. இறங்காமல் உருண்டு நின்றால் சாக்பீஸை எடுத்து அந்த இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போடுவார். "இதுக்குக் கீழ எண்ணெய் இறங்கியிருக்கும்மா. மேல என்ன பூசினாலும் ஒட்டாது." எங்கள் ஷெட்டில் மட்டும் பதினேழு வட்டம். முதல் நாள் முழுக்க அவர் பார்த்த வேலை அதுதான்.

எனக்குப் பொறுமை பிறவியிலேயே கிடையாது. எப்போது பூசப் போகிறீர்கள் என்று நான் எத்தனை தடவை எட்டிப் பார்த்துக் கேட்டாலும், திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒரே பதில்தான்: "பொறுங்கம்மா." எங்கள் தெருவில் நாலு வீட்டு ஷெட்டுக்குத் தரை போட்டிருக்கிறார். நாலு வீட்டிலும் இதே பதில்தான் போலிருக்கிறது, ஏனென்றால் அவருடைய சொந்தப் பெயர் ஒருவருக்கும் தெரியவில்லை. பொறுங்கம்மா என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவருக்கும் அது தெரிந்திருக்கிறது. போனில் கூப்பிட்டால், "பொறுங்கம்மாதான் பேசுறேன், சொல்லுங்க" என்கிறார்.

நாற்பத்தைந்து வயது இருக்கலாம். ஒல்லியான உடம்பு, இரண்டு முழங்காலிலும் தடித்த ரப்பர் பட்டை. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அவர் கண் முதலில் கீழேதான் போகும். கல்யாணத்துக்குப் போனால் எல்லாரும் பெண்ணைப் பார்ப்பார்களாம், இவர் மண்டபத்துத் தரையைப் பார்த்துவிட்டு வருவாராம். அவரே சொல்லிச் சிரித்தார். பெண் எப்படி இருந்தாள் என்று ஒருமுறை அவருடைய கணவர் கேட்டதற்கு, வாசல் பக்கம் இரண்டு இடத்தில் வெடிப்பு இருக்கிறது என்றாராம்.

இரண்டாம் நாள், மேசை அளவு பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து நாலு ஓரத்தையும் டேப் போட்டு ஒட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். இதுவும் ஒரு வேலையா? மறுநாள் காலையில் தாளை உரித்து, அடிப்பக்கத்தை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். அடியில் ஈரம் கோத்திருந்தால் பூசியதெல்லாம் கொப்புளமாக எழும்பிவிடுமாம். காய்ந்துதான் இருந்தது. அப்புறம்தான் தேய்க்கிற மெஷின் வந்தது, எண்ணெய்க் கறை போயிற்று, வெடிப்புகள் அடைபட்டன.

அந்த வெடிப்புகளுக்காகத்தான் நான் அவரையே கூப்பிட்டேன். என் வீட்டுக்காரர் தையல் மெஷின் பழுது பார்ப்பவர். ஷெட்டில் பாதி காருக்கு, மீதி அவருடைய மேசைக்கு. எட்டு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து இடது கால் இழுக்க ஆரம்பித்தது. கைக்கு ஒன்றுமில்லை. ஆனால் ஊன்றுகோல் வெடிப்பில் மாட்டிக்கொள்ளும் என்ற பயத்தில் ஷெட் பக்கமே போகவில்லை. மூன்று மெஷின்கள் மூடி கழற்றியபடியே கிடந்தன. அவரும் அப்படித்தான் கிடந்தார், ஜன்னலோரத்தில். கால் பயிற்சிக்காக இரண்டு வாரம் மகள் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வருவதற்குள் தரையைப் போட்டுக் காட்டிவிட வேண்டும் என்று எனக்கு ஆசை.

பொறுங்கம்மா, பூசிக் காய்ந்த மாதிரிப் பலகைகளைப் பரப்பி வைத்துக் கேள்வி மேல் கேள்வி கேட்டார். கார் என்ன எடை, வெகுதூரம் ஓடிச் சூடான டயரோடு உள்ளே வருமா, மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் சொட்டும், ஜாக்கி எங்கே வைப்பீர்கள். மணல் தூவிய சொரசொரப்புப் பலகை ஒன்று, கண்ணாடி மாதிரி ஒன்று. நான் கண்ணாடியைத்தான் தொட்டேன், வெளிர் சாம்பல் நிறத்தில். தையல் மெஷின் திருகு அரிசி அளவுதான் இருக்கும், கீழே விழுந்தால் பளிச்சென்று தெரிய வேண்டும் என்றேன். நல்ல யோசனை என்றார். யார் நடப்பார்கள் என்று அவர் கேட்கவில்லை. வீட்டுக்காரர் காலைப் பற்றிச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

பூசுகிற அன்று அவரைப் பார்க்க வேண்டும். ஈரப் பூச்சில் நடக்க அடியில் ஆணி பதித்த செருப்பை மாட்டிக்கொள்வார். பூச்சு ஒரு டப்பா, அதை இறுக வைக்கிறது ஒரு டப்பா, இரண்டையும் கலந்து ஊற்றிவிட்டால் அரை மணி நேரம்தான், அதற்குள் பரப்பியாக வேண்டும். ரோலர் போய் வருவது தவிர வேறு சத்தமில்லை. சும்மா சொல்லக்கூடாது, முடிந்தபோது கூரையில் தொங்கிய விளக்கு தரைக்குள்ளும் எரிந்தது. "நான் போட்டதுல இதாம்மா அழகு" என்று அவரே வாசலில் நின்று வெகுநேரம் பார்த்தார்.

வீட்டுக்காரர் திரும்பிய அன்று மழை. தரை இறுகிவிட்டதா என்று பார்க்கப் பொறுங்கம்மாவும் வந்திருந்தார். ஊன்றுகோலைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. அவர் ஏதோ சொல்ல வாய் எடுப்பதற்குள் இவர் உள்ளே மூன்றடி வைத்துவிட்டார். ஈரமான ரப்பர் முனை சர்ரென்று போயிற்று. பொறுங்கம்மாதான் பாய்ந்து இடுப்போடு சேர்த்துப் பிடித்தார். அடி ஒன்றும் படவில்லை. நிமிர்ந்து நின்ற மனிதர், "அந்த மூணு மெஷினையும் திருப்பிக் கொடுத்துடு. போதும்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனார்.

நான் அழுதேன். பளபளப்பு கேட்டது நான்தானே, காலை மறைத்ததும் நான்தானே என்று புலம்பினேன். பொறுங்கம்மா என்னைச் சமாதானப்படுத்தவில்லை.

"நீங்க சொல்லாதது சரிதாம்மா, யாருக்கும் சொல்ல வராது. கேக்க வேண்டியது நான். டயரைப் பத்தி அத்தனை கேட்டேன், காலைப் பத்தி ஒண்ணு கேக்கலை."

மறுநாள் காலையில் அந்த அழகான தரையை மெஷின் வைத்துத் தேய்க்க ஆரம்பித்துவிட்டார். ஐயோ என்று எனக்கே மனசு அடித்துக்கொண்டது, அவருக்கு எப்படி இருந்திருக்கும்! தரைக்குள் எரிந்த விளக்கு மத்தியானத்துக்குள் அணைந்து எல்லாம் மங்கலாகிவிட்டது.

அப்புறம் வீட்டிலிருந்த இன்னொரு ஊன்றுகோலைக் கேட்டு வாங்கினார். பொடி, நடுத்தரம், பெரிசு என்று மூன்று விதமான மணல் தூவிய பலகைகளை வரிசையாக வைத்து, சோப்புத் தண்ணீர் ஊற்றி, தையல் மெஷின் எண்ணெயும் விட்டு, என் வீட்டுக்காரர் மாதிரியே இடது காலை இழுத்துக்கொண்டு அவற்றின் மேல் நடந்தார். திருகுகளை வீசித் தேடினார். பெரிய மணலில் திருகு ஒளிந்துகொண்டது. பொடியில் கோல் லேசாக வழுக்கியது. நடுத்தரத்தை எடுத்து, ஈரப் பூச்சின் மேல் சல்லடையால் தூவி, மறுநாள் ஒட்டாததைப் பெருக்கி எடுத்துவிட்டு இன்னொரு பூச்சு கொடுத்தார். இந்தத் தடவை எப்போது முடியும் என்று நான் கேட்கவில்லை.

அது இறுகிய பிறகும் அவர் விடவில்லை. வாளித் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டு, கோலை ஊன்றிக்கொண்டு வாசலுக்கும் மேசைக்குமாக இழுத்து இழுத்து நடந்தார். அடுத்த நாளும் வந்து நடந்தார். ஜன்னலோரத்திலிருந்து இவர் பார்த்துக்கொண்டேயிருந்தார். மூன்றாம் நாள் என்னிடம், "அவங்க இன்னும் விழலையா?" என்று கேட்டார். இல்லை என்றேன். நாற்காலியைப் பிடித்து எழுந்து, கோலை எடுத்துக்கொண்டார்.

ஷெட்டின் வாசற்படிக்கு வந்தார். தரையில் இன்னும் தண்ணீர் நின்றது. துடைத்துவிடட்டுமா என்றேன், வேண்டாம் என்று பொறுங்கம்மா தலையசைத்தார். கோல் இறங்கியது, நின்றது. ஒரு அடி. இழுத்து இன்னொரு அடி. நான் இரண்டு கைகளையும் நீட்டியபடி பின்னாலேயே போகப் பார்த்தேன். பொறுங்கம்மா என் மணிக்கட்டை எட்டிப் பிடித்து நிறுத்தினார். அவர் உள்ளங்கை வேர்த்து நனைந்திருந்தது. இவர் மேசைக்குப் போய்ச் சேர்ந்து முதல் மெஷினின் சக்கரத்தைச் சுற்றும் வரை அந்தப் பிடியை அவர் தளர்த்தவேயில்லை.